முந்திரி சுட்ட முற்றம்

பண்ணுருட்டி என்ற பெயரைக் கேட்டதும் பலாப்பழத்தை நினையாதவர் தமிழ்நாட்டில் இலர். சித்திரை, வைகாசித் திங்கள்களில் அவ்வூர் மண்டிகளில் குவிந்து கிடக்கும் பலாவின் மணம், பேருந்தில் கடந்து செல்வோரையும் ஒரு கணம் திரும்பிப் பார்க்கச் செய்யும். ஆனால் அதே செம்மண்ணில், அதே திங்கள்களில், ஆரவாரம் ஏதுமின்றி உதிர்ந்து, பொறுக்கப்பட்டு, உடைக்கப்பட்டு, நம் வீட்டுப் பொங்கலிலும் பாயசத்திலும் கிறிஸ்து பிறப்புக் கேக்கிலும் வந்து அமரும் விளைபொருள் ஒன்று உண்டு. அதுதான் முந்திரி.

நெய்யில் பொன்னிறமாக வறுத்த முந்திரிப் பருப்பை நாம் அனைவரும் அறிவோம். ஓட்டுடன் இருக்கும் கொட்டையைச் சுட்டு, உடைத்து, பருப்பெடுக்கும் வேலையை நம்மில் பலர் கண்டதில்லை. நகரத்துப் பிள்ளைகள் முந்திரி பொட்டலத்திலேயே விளைகிறது என்று எண்ணினாலும் வியப்பதற்கில்லை. அதனை நேரில் காணும் ஆவலுடன், 2025-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த வாரத்தில், நாங்கள் நால்வர் கடலூரிலிருந்து புறப்பட்டோம். எங்களுள் ஒருவருடைய அத்தை, காடாம்புலியூருக்கு அப்பாலுள்ள சிற்றூர் ஒன்றில் முந்திரி உடைத்து வாழ்கிறவர். "முற்றத்திலேயே சுட்டுத் தருகிறேன், எல்லாரையும் அழைத்து வா" என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார்.

செம்மண் மேடு

நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ணுருட்டி செல்லும் சாலை நெல்லும் கரும்பும் சூழ்ந்த பசுஞ்சாலை. பண்ணுருட்டியில் பேருந்து மாறி, வடலூர் செல்லும் நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கித் திரும்பியதும் நிலத்தின் நிறமே மாறிவிடுகிறது. சற்றே மேடான செம்மண் பரப்பு. கடலூர் மணற்கல் என்று நிலநூலார் வழங்கும் பாறை அடுக்கைச் சார்ந்த நிலம் இது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியின் மேல் மூடிக் கிடப்பதும் இதே அடுக்குத்தான். மழை நீர் நில்லாது கீழே இறங்கிவிடும் இம்மண்ணில் நெல்லுக்கு இடமில்லை. முந்திரிக்கோ இதைவிட உகந்த மண் வேண்டியதில்லை.

சாலையின் இருமருங்கும் தோப்புகள். முந்திரி மரம் வானை நோக்கி உயர்வதில் விருப்பமற்றது. அதன் கிளைகள் தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து, நாற்புறமும் பரந்து, உச்சி வேளையிலும் கரிய நிழலை விரிக்கின்றன. நிழலில் சருகு மெத்தை. சருகின் மேல் மஞ்சளும் சிவப்புமாய்ப் பழங்கள். ஒவ்வொரு பழத்தின் நுனியிலும், சிறுநீரகத்தின் வடிவில், சாம்பல் நிறத்தில் ஒரு கொட்டை.

இங்கே இயற்கையின் விளையாட்டு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் பழம் என்று அழைப்பது உண்மையில் பழமன்று. அது பருத்துச் சாறு நிறைந்த காம்பே. நாம் கொட்டை என்று சொல்லும் அந்தச் சிறு பொருளே மரத்தின் மெய்யான கனி. உள்ளிருக்க வேண்டியது வெளியே வந்து முன்னால் நிற்கிறது. அழையாமலே எதிலும் முன்வந்து நிற்பவரை 'முந்திரிக்கொட்டை' என்று நம்மவர் கேலி செய்வது இதனால்தான்.

தோப்புகளில் முதிய மரங்களைவிட நடுவயது மரங்களே மிகுதியாகத் தென்பட்டன. காரணத்தை வழித்துணையாக வந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் கூறினார். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் விடியற்காலையில், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய 'தானே' புயல், இப்பகுதியின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டது. "தாத்தா நட்டது, அப்பா காத்தது, ஒரே காலையில் போயிற்று" என்றார் அவர். ஒட்டுக் கன்றுகள் காய்க்கத் தொடங்கவே மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளைக் கடந்து வந்த மரங்களின் கீழேதான் நாங்கள் நடந்துகொண்டிருந்தோம்.

கடல் கடந்து வந்த விருந்தாளி

இம்மண்ணின் பிள்ளையே போல் வேரூன்றிவிட்ட இம்மரம், உண்மையில் பிறந்தது பிரேசில் நாட்டில். 1555-இல் அங்குச் சென்ற ஆந்திரே தெவே என்னும் பிரெஞ்சு நாட்டுப் பிரான்சிஸ்கன் துறவி, தாம் கண்டவற்றை எழுதிய நூலில் இம்மரத்தையும் விவரித்திருக்கிறார். அந்நாட்டுத் துப்பி மக்கள் 'அக்காயு' என்று அழைத்ததைப் போர்த்துக்கீசியர் 'காஜு' ஆக்கினர். 16-ஆம் நூற்றாண்டில் அவர்கள் கப்பலில் அது இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்தது. வட இந்தியர் இன்றும் அதனைக் காஜு என்றே அழைக்கின்றனர். மலையாளிகள் சூட்டிய பெயர்களுள் ஒன்று 'பறங்கிமாவு'. பறங்கியர் கொணர்ந்த மாமரம் என்பது பொருள். முந்திரியும் மாவும் ஒரே குடும்பத்து மரங்களாதலால், அப்பெயரில் தாவர நூலறிவும் அடங்கியிருக்கிறது.

நம் மொழியிலோ முந்திரி என்ற சொல்லுக்குப் பழைய வரலாறு உண்டு. முந்திரிகை என்றால் முன்னாளில் திராட்சை. பழைய கிறிஸ்தவ நூல்களைப் புரட்டிய வாசகர்கள் திராட்சைச் செடி அங்கே முந்திரிகைச் செடியாக நிற்பதைக் கண்டிருப்பர். புதிய மரம் வந்து அப்பெயரை எடுத்துக்கொண்டபின், திராட்சை 'கொடிமுந்திரி' ஆயிற்று. யாழ்ப்பாணத்தார் இன்றும் 'மரமுந்திரிகை' என்று கூறி இரண்டையும் பிரித்துக் காட்டுகின்றனர்.

முற்றத்தில் மூண்ட தீ

நாங்கள் சென்றடைந்தபோது மாலை நான்கு மணி. அத்தைக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். மெலிந்த தேகம், உரத்த குரல். மகன் வெளியூரில் கட்டட வேலை செய்கிறார். வீட்டில் மருமகளும், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்த பேத்தியும் இருந்தனர். முற்றத்தின் ஓரத்தில் சாக்குகளின் மேல் கொட்டைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

"வீட்டுக்குள் அடுப்பில் சுடலாகாதா?" என்று எங்களுள் ஒருவர் கேட்டார். அத்தை சிரித்துவிட்டார். "உள்ளே சுட்டால் நாளைக்கு வீட்டில் யாரும் கண் திறக்க முடியாது, தம்பி."

அவர் சொன்னதன் காரணம் கொட்டையின் அமைப்பில் இருக்கிறது. முந்திரி ஓடு இரண்டு அடுக்குகள் கொண்டது. இடையே தேன்கூடு போன்ற சிற்றறைகளில் கரிய எண்ணெய் ஒன்று நிறைந்துள்ளது. இவ்வூரார் அதைப் 'பால்' என்கின்றனர். அனகார்டிக் அமிலம், கார்டால் முதலிய காரப் பொருள்கள் அதில் உள்ளன. பச்சையாகத் தோலில் பட்டால் வெந்து கொப்புளிக்கும். சலவைத் தொழிலாளர் துணியில் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டையும் இம்மரத்தின் உறவுதான் என்றறிந்தால், இந்தக் காரத்தின் குலமரபு விளங்கும். பூச்சி, புழு, அணில் எதுவும் தன் வித்தை அண்டாதிருக்க மரம் கட்டிய கோட்டை அது. அக்கோட்டையைத் தகர்க்க மனிதன் கண்ட வழி நெருப்பு.

முற்றத்துக்கு வெளியே, திறந்த வெளியில், மூன்று கற்களைக் கூட்டினார் அத்தை. மேலே ஆணியால் துளையிட்ட பழைய தகரத் தட்டு. கீழே சருகும் சுள்ளியும். இரண்டு கைப்பிடிக் கொட்டைகளைத் தட்டில் பரப்பித் தீ மூட்டினார். பின்னர் எங்கள் அனைவரையும் காற்று வரும் பக்கமாக நிற்கச் செய்தார். கையில் ஓர் ஆள் நீளக் கம்பு.

சில நிமிடங்கள் ஒன்றும் நிகழவில்லை. பிறகு கொட்டைகள் வியர்த்தன. ஓட்டின் மீது எண்ணெய் துளித்துளியாய்க் கசிந்து மினுமினுத்தது. 'சுர்' என்ற ஓசை. அடுத்த நொடி ஒரு கொட்டை சீறித் தீயைக் கக்கியது. அதனைத் தொடர்ந்து மற்றொன்று. கண்மூடித் திறப்பதற்குள் தட்டு முழுவதும் ஒரே சுடராகி, கரும்புகை தூண்போல் எழுந்தது. "தள்ளி நில்லுங்கள், பால் தெறிக்கும்!" என்று கூவியபடியே, அவர் கம்பினால் கொட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

எப்பொழுது நிறுத்துவது என்பதில்தான் கைத்திறன் முழுவதும் அடங்கியுள்ளது. குறைவாகச் சுட்டால் ஓட்டில் பால் தங்கிவிடும். கூடுதலாகச் சுட்டால் பருப்புக் கருகிக் கசக்கும். அத்தை கடிகாரம் பார்க்கவில்லை. சீற்றம் தணிந்து சுடர் சற்றே தாழ்ந்த கணத்தில், கம்பினால் தட்டை மணலில் கவிழ்த்தார். மருமகள் கூடை மணலை மேலே கொட்டினார். தீ அவிந்தது. ஆறியபின் கொட்டைகளைச் சாம்பலில் புரட்டினர். எஞ்சிய எண்ணெயைச் சாம்பல் உறிஞ்சிவிடுமாம்.

பின்பு அத்தை ஒரு கருங்கல்லின் முன் அமர்ந்தார். கொட்டையை விளிம்பின் மேல் நிறுத்தி மரக்கட்டையால் ஒரே தட்டு. அடி மிகுந்தால் பருப்பு நொறுங்கும். குறைந்தால் ஓடு திறவாது. ஓடு இரண்டாய்ப் பிளக்க, பழுப்புத் தொலி போர்த்த முழுப் பருப்பு வெளிவந்தது. தொலியை நீக்கி எங்கள் உள்ளங்கைகளில் வைத்தார். சூடு இன்னும் ஆறவில்லை. புகையின் மணமும், பாலின் இனிமையும், சற்றே கருகிய ஓரத்தின் துவர்ப்பும் கலந்த அச்சுவையை எந்தக் கடைப் பொட்டலத்திலும் நாங்கள் கண்டதில்லை.

பால் கடித்த விரல்கள்

எங்களோடு வந்திருந்த சிறுவன் ஒருவன், தானும் ஒன்று உடைப்பேன் என்று கல்லின் அருகே அமர்ந்தான். அத்தை அவனுக்கு இடம் கொடுத்து, கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். அவனுக்குத் துணையாகப் பேத்தியும் ஒரு கொட்டையை எடுத்தாள். "நீ வை அதை" என்றார் அத்தை. குரலில் அதுவரை இல்லாத கண்டிப்பு. அவளும் மறுமொழி கூறாமல் கொட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

விருந்தாளிப் பிள்ளைக்கு அனுமதித்ததைச் சொந்தப் பேத்திக்கு மறுத்தது ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை. அத்தை தம் இரு கைகளையும் விரித்துக் காட்டினார். பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் தோல் கறுத்து, உரிந்து, மீண்டும் வளர்ந்து, மீண்டும் உரிந்து, கண்ணாடி போல் வழுவழுப்பாகியிருந்தது. "அந்தப் பையன் ஒரு கொட்டை உடைத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவான். இவள் இன்றைக்கு ஒன்று எடுத்தால் நாளைக்கு ஒரு சாக்கை எடுப்பாள். நான் அப்படித்தான் தொடங்கினேன்."

விருந்தாளிகளுக்காகச் சுட்ட இரண்டு கைப்பிடி வேறு. பிழைப்புக்காக உடைக்கும் மூட்டை வேறு. வியாபாரி தரும் மூட்டைகளை இவ்வீட்டில் சுடுவதில்லை. சுட்டால் பருப்பின் வெண்மை கெடும், விலை குறையும். எனவே வெயிலில் காயவைத்து அப்படியே உடைக்கின்றனர். அப்போது பால் முழுவதும் ஓட்டிலேயே இருக்கும். கைகளில் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள்; ஆமணக்கெண்ணெய் தடவிக்கொள்வார்கள். கையுறை அணியலாமே என்றோம். "உறை போட்டால் கொட்டை கைக்குப் பிடிபடாது. பருப்பு உடைந்தால் கூலி குறையும்" என்றார் மருமகள்.

அவர் கூறிய மற்றொரு செய்தி எங்களை வெகுநேரம் மௌனமாக்கியது. நியாயவிலைக் கடையில் அரிசி வாங்க, குடும்ப அட்டையிலுள்ள ஒருவர் கருவியில் விரல் வைத்துக் கைரேகை பதிய வேண்டும். அத்தையின் விரலில் ரேகையில்லை. எத்தனை முறை துடைத்து வைத்தாலும் கருவி அவரை ஏற்பதில்லை. மருமகளின் விரலும் ஒரு நாள் பதிந்தால் மறுநாள் பதிவதில்லை. கண்ணின் கருவிழியைப் பார்த்துப் பதியும் கருவி சில கடைகளுக்கு வந்துவிட்டதாகக் கேள்வி; தங்கள் கடைக்கு இன்னும் வரவில்லை என்றனர். மகன் ஊருக்கு வரும் நாளுக்காகச் சில மாதங்களில் காத்திருந்ததும் உண்டாம். "நாற்பது வருடம் என் கையால் உழைத்துச் சாப்பிட்டேன். அந்தக் கை என்னுடையது இல்லை என்கிறது அந்தப் பெட்டி" என்று அத்தை சொன்னபோது, அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

இது ஓர் இல்லத்தின் கதை மட்டுமன்று. குமரி மாவட்டத்திலும் கேரளத்துக் கொல்லத்திலும் முந்திரி ஆலைகளில் பணிபுரிவோருள் பெரும்பாலோர் பெண்களே. அங்கெல்லாம் கொட்டையை நீராவியில் வேகவைத்து, இரு கத்திகள் பொருத்திய சிறு பொறியில் வெட்டிப் பிளக்கும் முறை பரவியுள்ளது. அதில் புகையில்லை; பால் கையில் படுவதும் குறைவு. தானாகவே உடைக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. நாம் அஞ்சும் அந்தப் பாலுக்கும் சந்தையில் விலையுண்டு. வாகனங்களின் தடைக்கட்டைகளுக்கும் வண்ணப்பூச்சுகளுக்கும் அது மூலப்பொருள். வழிகள் இல்லாமல் இல்லை. அவை முற்றத்துக் கல்லின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணின் கைவரை இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு முந்திரியின் கணக்கு

பருப்பு வணிகத்தில் 'டபிள்யூ 320' என்றொரு தரம் உண்டு. ஒரு பவுண்டு எடைக்கு, அதாவது ஏறத்தாழ 454 கிராமுக்கு, 320-க்கு மேற்படாத முழு வெள்ளைப் பருப்புகள் என்பது அதன் பொருள். உலகச் சந்தையில் மிகுதியாக விற்பனையாகும் தரங்களுள் இது ஒன்று.

அந்த எண்ணைக் கேட்டதும் எங்களுள் தமிழாசிரியராக இருந்தவர் வியந்தார். பழந்தமிழ்க் கீழ்வாய் இலக்கத்தில் காணி என்பது 80-இல் ஒரு பங்கு. அரைக்காணி 160-இல் ஒரு பங்கு. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. முந்திரி மரம் இந்நாட்டுக்கு வருமுன்பே அக்கணக்குச் சொல் வழங்கி வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை, எண்கள் தற்செயலாகவே ஒத்தன. ஆயினும் அக்கணக்கை அன்று மாலை நாங்கள் கண்ணால் கண்டோம். ஒரு பவுண்டு பருப்பில் ஒரு பருப்பு, ஒரு முந்திரிப் பங்கு. ஒவ்வொரு முந்திரிக்கும் ஒரு தட்டு. அரைக் கிலோவும் நிரம்பாத ஒரு சிறு பொட்டலத்துக்கு 320 முறை அந்தக் கை உயர்ந்து தாழ்கிறது. ஒருமுறை தவறினும் முழுப்பருப்பு பாதியாகிவிடும்.

நம் அடுப்பில்

புறப்படும் நேரத்தில் இரண்டு கிலோ பருப்பை அத்தையிடமே வாங்கினோம். விலை சொல்ல அவர் தயங்கினார். பண்ணுருட்டிக் கடையில் விற்கும் விலையையே கொடுத்தோம். "மருமகனிடம் காசு வாங்குவதா?" என்றவரிடம், "மருமகனிடம் வேண்டாம் அத்தை, உடன் வந்தவர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று நண்பர் சொன்னதும் பெற்றுக்கொண்டார்.

வீட்டில் பருப்பு வறுக்கும் பக்குவத்தையும் அவரிடமே கேட்டறிந்தோம். வாசகிகளுக்குப் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம். அடி கனத்த வாணலியைச் சிறு தீயில் வைக்க வேண்டும். நெய் காய்ந்து புகையுமுன் பருப்பைப் போட்டுக் கைவிடாமல் கிளற வேண்டும். பொன்னிறம் வரும்வரை காத்திருத்தல் கூடாது. இளமஞ்சள் தோன்றியதுமே இறக்கி வேறு தட்டில் கொட்டிவிட வேண்டும். எஞ்சிய நிறத்தை உள்ளிருக்கும் சூடே கொடுத்துவிடும். நெய் வேண்டாதவர் வெறும் வாணலியிலேயே வறுக்கலாம். இன்னும் சிறுதீ தேவை. ஓட்டோடு கூடிய கொட்டை எங்கேனும் கிடைத்தால், அதனைச் சமையலறையில் சுட முயலவேண்டா. பிள்ளைகளின் கையிலும் கொடுக்கவேண்டா.

நல்ல தரமான பருப்பு எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று விசாரிப்பது இல்லறத்தாரின் இயல்பு. அதனுடன், இதனை உடைத்தவருக்கு என்ன கிடைத்தது என்ற வினாவையும் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. மகளிர் மன்றங்களும் சுயஉதவிக் குழுக்களும் நீராவிக் கலமும் வெட்டும் பொறியும் வாங்கி ஓர் ஊருக்குப் பொதுவாக வைக்க முன்வரலாம். வாய்ப்புள்ளோர் உடைக்கும் பெண்களிடமே நேராகப் பருப்பு வாங்கலாம். கருவிழிக் கருவி எல்லாக் கடைகளுக்கும் விரைவில் சென்றடைய வேண்டும் என்று மனுக் கொடுக்கலாம். இவை பெரிய காரியங்கள் அல்ல, செய்யக்கூடிய காரியங்கள்.

ஜூன் திங்களில் அத்தையிடமிருந்து தொலைபேசி வந்தது. பேத்தி தேர்வில் தேறிப் பதினோராம் வகுப்பில் சேர்ந்துவிட்டாளாம். விடுமுறை நாள்களில் நியாயவிலைக் கடைக்கு இப்போது அவளே போய்வருகிறாளாம். "ஒரே தடவை வைத்தாள், உடனே விழுந்துவிட்டது" என்றார் அத்தை. தேர்ச்சிச் செய்தியைச் சொன்னபோது இருந்ததைவிட, இதைச் சொன்னபோதே அவர் குரலில் பெருமிதம் மிகுந்திருந்தது.